வெள்ளைப் பூவுக்கு எந்தப் படிப்பு?

இந்த வீட்டில் இனிமேல் என் முடிவுதான் முடிவு என்று போன வாரம் தீர்மானம் நிறைவேற்றினேன். மனைவி சுமதி அப்போது கடைக்குப் போயிருந்தாள். அதனால் எதிர்ப்பே இல்லை.

விஷயம் பெரியது. எங்கள் ஒரே மகள் வினோதினி, கல்லையும் மண்ணையும் ஆராய்கிற நிலவியல் படித்தவள். அவளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்தது. லண்டனில் ஒரு வருட மாஸ்டர்ஸ். பீஸைக் கேட்டால் அரியலூரில் நிற்காத ரயில்கூட நின்றுவிடும். அமெரிக்காவில் ஐந்து வருட பிஎச்.டி.; பீஸ் கிடையாது, மாதாமாதம் அவர்களே பணம் தருவார்கள். பிள்ளைக்கு அமெரிக்காமேல் ஆசை. நான் லண்டன் கட்சி.

"ஓசியில குடுக்கறது ஒரு படிப்பா? பக்கத்து வூட்டு நல்லதம்பி மவன் லண்டன் போனப்ப எம்மாம் பெரிய பேனர் வச்சாரு, பாத்தீல்ல?"

"பேனருக்கு என் பழைய சேலையத் தரேன். பீஸுக்கு?"

"ஜெயங்கொண்டத்துல உன் முந்திரிக்காடு இருக்குல்ல..."

"எங்கப்பா எனக்குக் குடுத்ததுங்க அது. வித்துருவீங்களா? எங்க, ஒரு கொட்டையத் தொட்டுப் பாருங்க!"

"அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம்..." என்றாள் வினோதினி.

"ஓசிப் பேச்சே எனக்கு வேணாம்!" என்று எழுந்து போய்விட்டேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பேனரெல்லாம் சும்மா. ஐந்து வருடம் அவள் முகத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஒரு வருடமென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். இதைச் சுமதியிடம் சொன்னால் மானம் போகும்.

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு சுமதியே இறங்கி வந்தாள்.

"சாமிகிட்டயே கேட்டுருவோம். பூ போட்டுப் பாப்போம்."

ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூவுக்கு எந்தப் படிப்பு என்று சந்நிதியில் குடும்பத் தலைவர் சொல்வார். அதாவது நான்.

"பொட்டலம் நான் கட்டுறேன்" என்றேன். சுமதி மறுபேச்சு பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விடிந்ததும் தோட்டத்துக்குப் போய் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையே வைத்துக் கட்டினேன். வெள்ளை என்றால் லண்டன். எதை எடுத்தாலும் லண்டன். எனக்குள் இப்படி ஒரு மூளை இத்தனை வருடம் சும்மா கிடந்திருக்கிறது!

பெரம்பலூர் பஸ் பிடித்து, ரஞ்சன்குடிப் பக்கம் உள்ள எங்கள் காளி கோயிலுக்குப் போனோம். பொட்டலங்களை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் சுமதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"ஆத்தா! வெள்ளை வந்தா அமெரிக்கா. செவப்பு வந்தா லண்டன். வெள்ளை வந்தா எம் புருசன் மொட்டை போடுவாரு. செவப்பு வந்தா நான் போடுறேன்!"

அவள் காதருகே குனிந்தேன்.

"சுமதி, மாத்திச் சொல்லேன்..."

"ஆத்தா முன்னால சொன்னத மாத்தக் கூடாதுங்க" என்றார் பூசாரி.

அவருடைய பேத்தி ரொம்ப நேரம் யோசித்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பாவம், வீண் யோசனை. பிரித்தார்கள். வெள்ளை. இன்னொன்றை யாரும் தொடுவதற்குள் மடியில் சொருகிக்கொண்டேன்.

வினோதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஆராய்ச்சியே நம்ம அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையிலதான். வருஷா வருஷம் ரெண்டு மாசம் நம்ம வூட்டுல தங்கித்தான் வேலை."

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

அழுதுவிட்டேன். சந்தோஷம்தான். மொட்டைக்கும் நிம்மதியாகவே உட்கார்ந்தேன். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தபோது சுமதியின் நீண்ட பின்னலைப் பார்த்தேன். மகளுக்காக அதையே பணயம் வைத்தாளே! மனசு இளகிவிட்டது.

"ஏன் சுமதி, செவப்பு வந்திருந்தா இம்மாம் முடியும் போயிருக்குமே. உனக்குப் பயமாவே இல்லியா?"

"எதுக்குப் பயம்? காலையில நீங்கதான் செவ்வரளிச் செடிப் பக்கமே போவலியே!"