மாமாவின் பெட்டி பூஜ்யத்துக்கு வந்த கதை

அன்புள்ள ஷெர்லி அத்தைக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெர்னிஸ்.

இல்லை, மாமா பார்சல் கொண்டுபோகும் கிள்ளான் ரூட்டை யாரும் பிடுங்கவில்லை. பிடுங்கப் பார்த்தார்கள். போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே அழுவீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி ஆண்டவர் கிருபையால் குறைந்திருக்கும்.

சுபாங் ஜெயா கிடங்கிலிருந்து ஒரு பார்சல் வீடு போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகும் என்று எங்கள் கம்பெனியில் ஒரு கணினி மாடல் கணித்துச் சொல்லும். செய்தவள் நான். உண்மையில் ஆன நேரத்திலிருந்து மாடல் சொன்ன நேரத்தைக் கழித்தால் வருவது மீதி. எல்லா மீதிகளின் சராசரியும் பூஜ்யம். "அப்ப மாடல் ஓகே லா. உங்க ஹென்றி மாமாதான் ஸ்லோ. வெள்ளிக்கிழமையோட வேற டிரைவர்," என்றார் மேனேஜர் சரண். ஒருவர் அரைமணி முந்தி, இன்னொருவர் அரைமணி பிந்தி வந்தாலும் சராசரி பூஜ்யம்தான் என்றேன். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பெட்டி வரைந்தேன். ஒருவருடைய மீதிகளில் நடுப்பாதி பெட்டிக்குள். குறுக்கே ஒரு கோடு, நடுமதிப்பு. வழக்கத்தை மீறிப்போன தடவைகள் தூரத்தில் புள்ளிகள். மற்ற எல்லோர் பெட்டியும் பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை கீழே உட்கார்ந்திருந்தது. மாமாவுடையது மட்டும் மேலே, தாமதப் பக்கம், கயிறு அறுந்த பலூன் மாதிரி. சரணுக்கு ஒரே சந்தோஷம். "நான் சொன்னேன்ல?"

விடவில்லை. மாமாவின் மீதிகளை மட்டும் எடுத்து வட்டாரவாரியாகப் பிரித்தேன். எல்லாப் பெட்டியும் ஒரே உயரம். கிழமைவாரியாக. அதே. பிறகு, பார்சலை யார் வாங்கினார்கள் என்று. காவலாளி வாங்கியது, பூஜ்யம். கேட்டில் மாட்டியது, பூஜ்யத்துக்கும் கீழே. அதாவது மாமா வேகமான டிரைவர். வீட்டுக்காரர் கையில் கொடுத்தது, கூரையில்.

போன் போட்டேன்.

"மாமா, வீட்டுல குடுக்கிறப்ப மட்டும் என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? ஷூவக் கழட்டிட்டு உள்ள போறேன்."

"ஏன் போறீங்க?"

"ஏய், எல்லாம் கோயில்ல பார்க்கிற முகம். ஒரு தேத்தண்ணி குடிக்காமப் போனா ஞாயித்துக்கிழமை பூசையில மூஞ்சியத் திருப்பிக்குவாங்க லா."

"மேல தனியா ஒரு புள்ளி நிக்குது. ரெண்டு மணி நேரம்."

"அதுவா. சாந்தமேரி வீட்டு நண்டு."

தேத்தண்ணியை மாடலில் சேர்த்தேன். மாமா, வீட்டுக்காரர் கை, இரண்டும் சேர்ந்தால் இருபது நிமிடம் கூட்டு. மறுபடி வரைந்தேன். பெட்டி இறங்கிப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. வாடிக்கையாளர்கள் போனில் பார்க்கும் ஆப்பும் இனி அந்த நேரத்தைத்தான் காட்டும். சரண் கிள்ளானிலிருந்து வந்த புகார்களைத் தேடினார். ஒன்றுகூட இல்லை. "சரி, அவரே ஓட்டட்டும்," என்றார்.

ஆகவே கவலை வேண்டாம். மாமா தாமதமாக வருவதில்லை, அத்தை. கணித்தபடி வருகிறார். இது உறுதி. பேரன் கேவினுக்கு என் அன்பு. உங்கள் செபத்தில் என்னையும், முடிந்தால் மாடலையும், நினைத்துக்கொள்ளுங்கள்.

பெர்னிஸ்

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குமுன் இந்த வாரக் கணக்கை வரைந்து பார்த்தேன். பெட்டி மறுபடி கூரையில். மாமாவைக் கேட்டேன். "ஆப்ல நான் லேட்டா வரேன்னு காட்டுதாம். டைம் இருக்கேன்னு வடைக்கு அரைச்சு வைக்கிறாங்க. நான் என்ன பண்ண?" திங்கட்கிழமை சரண் பார்ப்பார். அதற்குள் மாடலில் பலகாரம் என்று இன்னொரு பிரிவு சேர்த்துவிட்டேன்.