கடைசி எழுத்துதானே வித்தியாசம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முடிவு எடுத்துவிட்டால் யாராலும் அசைக்க முடியாது. அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். இந்த முறை எடுத்த முடிவு, வீட்டுக்குள் நாய் நுழையக் கூடாது.

அவர் மனைவி தையற்கடை நடத்திவந்தாள். அந்தக் கடையின் மாடிப்படிக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி வந்து ஒண்டிக்கொண்டது. “திங்கட்கிழமைக்குள்ள இது போகலைன்னா, நாய் வண்டியை வரச்சொல்லிப் பிடிச்சுக் குடுத்துடுவேன்” என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். குட்டியை வீட்டுக்கே தூக்கி வந்துவிடலாம் என்றாள் மனைவி. அன்றிலிருந்து வீட்டில் போர்.

“இந்தா பாரு, இந்த வீட்டுல ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

“கடைசி எழுத்துதானே வித்தியாசம்? பழகிடும்” என்றாள் மனைவி, ஊசியில் நூலைக் கோத்தபடி.

பள்ளிக்கூடம் போகிற மகள் அம்மா கட்சி. கடைக்காரர் முடி உதிரும் என்றார், நாற்றம் வரும் என்றார், செருப்பைக் கடிக்கும் என்றார். ஒரு பருப்பும் வேகவில்லை. உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. தெருவோரம் நாய் தூங்கிக்கொண்டிருந்தால்கூட, எதிர்வரிசைக் கடைப் பலகையை அக்கறையாகப் படிப்பவர்போலச் சாலையைக் கடந்துவிடுகிற ஆசாமி அவர்.

அந்தப் பயத்தைக் கொடுத்தது ஒரு பேய்த்தனமான படம். தொண்ணூறுகளில் வந்தது. தனி வீட்டில் ஒரு குடும்பம், சுற்றிலும் வெறிபிடித்த நாய்கள். பள்ளி நாட்களில் தியேட்டரில் பார்த்து, ஒரு மாதம் விளக்கை அணைக்காமல் தூங்கினார். ஞாயிறு காலை பல் தேய்க்கும்போது அந்தப் படம் ஞாபகம் வந்தது. வாயில் நுரையோடு சிரித்தார். இதைப் போட்டுக் காட்டினால் போதும், ஆயுசுக்கும் நாய்ப் பேச்சை எடுக்க மாட்டாள்!

இணையத்தில் தேடிப் பிடித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்.

“என்னங்க, திடீர்னு படமெல்லாம்?”

“குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். எழுந்திரிக்கவே கூடாது.”

“நான் ஏன் எழுந்திரிக்கப் போறேன்?” என்றாள். பொத்தானுக்குக் காஜா எடுக்க வேண்டிய சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள்.

படம் ஓடியது. முதல் நாய் தொலைபேசி ஒயரைக் கடித்துத் துண்டாக்கியது. கடைக்காரர் ஆவலோடு மனைவி முகத்தைப் பார்த்தார்.

“ஒயரை இப்படித் தொங்கவிட்டது யாரு தப்பு? வீட்டு ஆம்பிளை பார்க்க வேண்டாமா?” என்றாள் அவள்.

ஜன்னலை உடைத்துக்கொண்டு பத்து நாய்கள் பாய்ந்தன.

“அம்மா, அதோ பல்லு ஆடுது பாரு! ரப்பர் பல்லு!” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, ஏன் காலைத் தூக்கி மேல வெச்சிருக்கீங்க?”

“தரை சில்லுனு இருக்கு.”

“என் கையை ஏன் நசுக்குறீங்க?” என்றாள் மனைவி.

“நீ பயப்படக் கூடாதுன்னுதான்.”

இடைவேளை வந்தது. அவர் பாய்ந்து ரிமோட்டை எடுத்தார். “போதும்! நாய்னா என்னன்னு புரிஞ்சிருக்கும்.”

“பாதியில நிறுத்தினா எப்படி? மீதியையும் பார்க்கலாம்.”

மீதியில் என்ன வரும் என்பது அவருக்கே தெரியாது. அன்றைக்கு இடைவேளையோடு தியேட்டரிலிருந்து ஓடி வந்தவர், தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. இதை எப்படிச் சொல்வது? ரிமோட்டைக் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் பாதியில்தான் அந்தக் குடும்பத்தின் சொந்த நாய் வந்தது. வேண்டாம் என்று கொட்டகையில் கட்டிவைத்திருந்த நொண்டிக் குட்டி. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, தொட்டில் குழந்தைக்கும் வெறிநாய்களுக்கும் நடுவே நின்றது. காது கிழிந்தது; ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மகள் தேம்பினாள். கடைக்காரருடைய கண்ணாடியும் பனிபிடித்துவிட்டது. கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சமையலறைப் பக்கம் சத்தம் கேட்டது. கதவை யாரோ பிறாண்டினார்கள்.

அடுத்த நொடி கடைக்காரர் சாப்பாட்டு மேசைமேல் நின்றார். எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது.

மனைவி நிதானமாக எழுந்து போய்ப் பின்பால்கனிக் கதவைத் திறந்தாள். உள்ளங்கை அகலக் குட்டி ஒன்று தத்தித் தத்தி ஓடிவந்து, மேசைக்காலில் மூக்கை இடித்துக்கொண்டது.

“இது எப்ப வந்துச்சு?” மேசைமேலிருந்து கேட்டார்.

“வெள்ளிக்கிழமை. கடைப் படிக்கட்டுலேர்ந்து நான்தான் தூக்கிட்டு வந்தேன். ரெண்டு நாளா இதோடதான் குடித்தனம் பண்றீங்க. உங்களைக் கடிச்சுதா?”

“எனக்குத் தெரியாம என் வீட்டுல...”

“கீழ இறங்குங்க. அதுதான் உங்களைப் பார்த்துப் பயப்படுது.”

குட்டி நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு காலை இறக்கினார், பிறகு இன்னொன்றை. குட்டி அவர் கால் கட்டைவிரலை நக்கியது. ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தவர், காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“இந்தப் படத்தோட முடிவு உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றார் மெதுவாக.

“எங்கப்பா தியேட்டர்ல ஆப்பரேட்டர்ங்க. பத்து தடவை பார்த்திருக்கேன். திரையில படம் பேரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.”

கடைக்காரர் நிமிர்ந்து நின்றார். மரியாதையைக் காப்பாற்றியாக வேண்டும். “சரி, இருக்கட்டும். ஆனா சோபால மட்டும் ஏறக்கூடாது. கண்டிப்பாச் சொல்றேன்!”

“அப்பா, ஏறிடுச்சு” என்றாள் மகள். குட்டி அவருடைய இடத்தில் சுருண்டு, கண்ணை மூடியிருந்தது.

கடைக்காரர் சோபாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன். அது தூங்குதுல்ல?” என்றார் இருவரிடமும்.