தேங்காயெண்ணெயில் கழன்ற கிளச்

பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிற ஆண்பிள்ளைகளுக்கு என்னால் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான். உமக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டால், வெங்காயம் உரிக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள். எஞ்சின் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். எடுத்ததன் பலனாக, கடன்பட்டு வாங்கிய கோட்டுச் சூட்டோடு, நோர்பரியில் ஒரு கராஜின் நிலத்தில் குந்தியிருந்து ஸ்னோமொபில் ஒன்றின் கிளச்சைக் கட்டிப்பிடிக்க வேண்டி வந்தது. (ஸ்னோமொபில் என்பது பனிக்கு மேலே வழுக்கி ஓடுகிற வண்டி. லண்டனில் அதற்கு என்ன அலுவல் என்று நீங்கள் கேட்பது நியாயம். நானும் கேட்டேன், மனதுக்குள்.)

அப்போது நான் தோர்ன்டன் ஹீத்தில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. பக்கத்து மருந்துக்கடையில் வாசுகி. எங்கள் இருவரையும் பொறுத்தவரையில் கலியாணம் முடிவான விஷயம். முடிவாகாதது அவளுடைய அண்ணை சிவத்துக்கு மட்டும்தான். தகப்பன் இல்லாத வீடு அது. நோர்வேயின் வடக்குத் தொங்கலில் மீன் பக்டரியில் விறைக்க விறைக்க நின்று உழைத்து, தாயையும் தங்கையையும் ஊரிலிருந்து எடுப்பித்து, பிறகு இருவரையும் லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். அண்ணை ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் தன்னை மறந்துவிட வேண்டியதுதான் என்று வாசுகி முதலிலேயே சொல்லியிருந்தாள். மற்ற விஷயங்களில் பகிடி விடுகிறவள், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அண்ணை நோர்வேயிலிருந்து கொண்டுவந்த மூன்றாவது உயிர்தான் அந்த ஸ்னோமொபில். விற்க மனம் வராமல், வீட்டுச் சாமானோடு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். லண்டனில் வண்டி ஓடுகிற அளவுக்குப் பனி கொட்டுவது யாழ்ப்பாணத்தில் கொட்டுவதைப் போலத்தான் என்பது அவருக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. வண்டி வருஷக்கணக்காக வளவின் கோடியில் இருந்த கராஜில் கிடந்து துருப்பிடித்தது.

நான் பெண் வீட்டுக்குப் போகக் குறித்த நாளைப் பார்த்து லண்டனில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. பஸ் இல்லை, ரயில் இல்லை. அப்பிள் பையையும் பிஸ்கட் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, முழங்காலளவு பனியில் (சரி, கணுக்காலளவு) நடந்தே போனேன். கதவைத் திறந்த சிவம் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பனியைப் பார்த்தார். அவ்வளவு காதலோடு வாசுகிகூட என்னைப் பார்த்ததில்லை.

கதிரையில் இருத்திவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி சம்பளம் பற்றியதல்ல, விசா பற்றியதுமல்ல.

“தம்பி, நீர் ஊரில எஞ்சின் வேலை செய்தனீராம்?”

நான் வாசுகியைப் பார்த்தேன். அவள் தேத்தண்ணித் தட்டைப் பார்த்தாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கதையை அவளுக்கு நான் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்துச் சொல்லியிருந்தேன். துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. யாழ்ப்பாணத்தில் அதைச் செய்யாத ஆண்பிள்ளை கிடையாது. பெற்றோல் துளியை விடுகிற போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் என் பங்கு. அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்கலாம். “ஓம் அண்ணை, ஏதோ கொஞ்சம் தெரியும்” என்று சொன்னேன். (இந்த ‘ஏதோ கொஞ்சம்’ இருக்கிறதே, மனிதனைக் குழிக்குள் தள்ளுகிற சொல்.)

அடுத்த நிமிஷம் கராஜில் நின்றோம். எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, வண்டி அசையவில்லை. எஞ்சினின் ஓட்டத்தைப் பெல்டுக்குக் கொடுக்கிற கிளச் துருவில் இறுகிவிட்டது, அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டினால் ஓடும் என்றார் அண்ணை. நோர்வேயில் எல்லாம் செய்துகொடுக்க ஒரு மெக்கானிக் இருந்தவன், தனக்கு வண்டியை ஓட்டத்தான் தெரியும் என்றும் சொன்னார். பிறகு வானத்தைப் பார்த்தார். நாளைக்கு மழையாம், இன்றைக்கு விட்டால் இந்தப் பனி இனி எப்போதோ என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது. எனக்கு விளங்கிவிட்டது. இந்தக் கிளச் கழன்றால்தான் வாசுகி.

நடுவிலிருந்த நீளப் போல்ட் இலேசாகக் கழன்றது. பாதி மாப்பிள்ளை ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் கிளச் அசையவில்லை. இழுத்தேன், அசையவில்லை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். அண்ணை, அடி தன் நெஞ்சில் விழுந்ததுபோல் முகத்தைச் சுளித்தார். அதற்கென்றே உள்ள ஒரு நீள இரும்புக் கோலை எடுத்து நீட்டினார். அதைப் போல்ட் இருந்த ஓட்டைக்குள் முறுக்கிவிட்டால் கிளச்சைப் பிடுங்கித் தள்ளுமாம். முறுக்கினோம். கோல் போய் முட்டி நின்றதே தவிர, கிளச் பிடித்த பிடியை விடவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது. வீட்டில் அக்காவின் கையில் காப்பு இறுகினால் என்ன செய்வோம்? கோலைத் திரும்பக் கழற்றிவிட்டு, மாமியிடம் தேங்காயெண்ணெய் கேட்டேன். (வாசுகியின் அம்மாவை மனதுக்குள் அப்போதே மாமி ஆக்கிவிட்டிருந்தேன்.) லண்டன் மாரிக்குளிரில், உறைந்துவிடாமல் இருக்க, தமிழ் வீடுகளில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஹீட்டருக்கு மேலேதான் குடியிருக்கும். மாமி அதையும் ஒரு தேக்கரண்டியையும் கொண்டுவந்து, தலைக்கோ தம்பி என்று அன்பாகக் கேட்டார். இல்லை மாமி, இது வழுக்கட்டும் எண்டு, என்றேன். எண்ணெய் பாதி உருகியும் பாதி உறைந்தும் களிபோல இருந்தது. ஓட்டைக்குள் கரண்டி கரண்டியாக அடைத்து, குழந்தைக்குச் சோறு தீத்துகிற பக்குவத்தில் விரலால் தள்ளிவிட்டேன். அண்ணை கரண்டியில் மிஞ்சியதை வழித்துத் தந்தார். வெளியிலே பூசாமல் உள்ளே அடைத்தால் அது எதை வழுக்கவைக்கும் என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஊறட்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். என்ன ருசி என்று கேட்காதீர்கள், எனக்கு நாக்கே இருக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கராஜின் குளிரில் எண்ணெய் மெழுகுதிரியாக இறுகி ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணை கோலை முறுக்கினார். பாதியில் மறித்துக்கொண்டது. போச்சு, உள்ளதையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் உடுப்புக் காயப்போடுகிற இரும்புக் குழாயைக் கழற்றிவந்து ஸ்பானருக்கு நீளப் பிடியாகப் போட்டார். கிளச் சுற்றாமல் நான் நிலத்தில் இருந்து, வண்டிக்குக் காலை உதைந்துகொண்டு, அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். அண்ணை தன் மீன் பக்டரிப் பலம் முழுவதையும் அந்தக் குழாயில் போட்டார்.

டமார் என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தபோது நான் கராஜுக்கு வெளியே, பனியில், மல்லாந்து கிடந்தேன். நெஞ்சில் கிளச் படுத்திருந்தது. தேத்தண்ணியோடு வந்த மாமி, ஐயோ பிள்ளை என்று தட்டைப் போட்டார். வாசுகி ஓடிவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு புகையாகப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அண்ணை என்னைப் பார்க்கவில்லை. மீசையில் தேங்காயெண்ணெய் ஒட்டியிருக்க, குனிந்து எஞ்சினின் தண்டைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. நோர்வேயில் அந்த மெக்கானிக்கும் இப்படித்தான் ஓட்டைக்குள் கிறீஸை அடைத்துப்போட்டு முறுக்குகிறவனாம். கோல் நெருக்க நெருக்க, அடைபட்ட கிறீஸுக்குப் போக வழியில்லாமல் அது கிளச்சைத் தள்ளிவிடுமாம். தான் அதை மறந்தே போனாராம்.

“இது பெரிய வித்தையெல்லோ. உமக்கு எப்பிடித் தெரியும்?”

நான் படுத்த படுக்கையிலேயே வாயைத் திறந்தேன். அடக்கமான சிரிப்பு ஒன்றுகூடத் தயாராக இருந்தது. அதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

“அவருக்கு அதெல்லாம் தெரியாது ராசா. வழுக்கட்டும் எண்டுதான் பிள்ளை வாங்கினது.”

வாசுகி கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணை என்னையும் எண்ணெய்ப் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். “ஓம் அண்ணை,” என்றேன். “வழுக்கட்டும் எண்டுதான்.” முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு கராஜே அதிரச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயிடம் சொன்னார்:

“அம்மா, இவரைத் தனிய விடேலாது. விட்டால் எங்கயாவது போய்க் கையைக் காலை முறிச்சுப்போடுவார். எங்கட வீட்டிலயே வச்சிருப்பம்.”

இதுதான் எனக்குக் கிடைத்த சம்மதம். வேறு மாப்பிள்ளை என்றால் ரோஷப்பட்டிருப்பான். எனக்கு அழுகையே வந்தது, அவ்வளவு நிம்மதி. கிளச்சைத் துடைத்துப் பூட்டினோம். ஸ்னோமொபில் கராஜிலிருந்து கிளம்பி, வீட்டுப் பின்கதவு வரைக்கும் போய், திரும்ப இடமில்லாமல் நின்றது. வளவு அவ்வளவுதான். அந்தத் துண்டுப் பயணத்துக்கு அண்ணை தொப்பியும் கையுறையும் கண்ணாடியும் போட்டிருந்தார். எங்கோ மிஞ்சிய எண்ணெய் சூடாகி வளவெல்லாம் பலகாரம் சுடுகிற வாசம். மறுநாள் மழை பெய்து எல்லாம் கரைந்தது.

அந்த வருஷமே கலியாணம். எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரம்தான் மாப்பிள்ளைத் தோழன். காலைக் கழுவி அழைத்துப்போகிற தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டும். நான் போட்டேன். மோதிரம் சிவம் அண்ணையின் விரல் மொழியில், அந்த மூட்டில், இறுகி நின்றது, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். நான் முறுக்கினேன். எனக்கு வேர்த்தது. முன்வரிசையில் யாரோ ஒரு நல்ல மனிசி எழும்பி, கொஞ்சம் எண்ணெய் பூசினால் வரும் என்றார்.

அண்ணை சடாரென்று கையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“இவற்ற கையில எண்ணெயை மட்டும் குடுத்துப்போடாதேங்கோ.”

வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் தாலி கட்டுவதை ஓடவிட்டுத் தள்ளிவிட்டு, இந்த இடத்தைத்தான் இரண்டு தரம் போட்டுக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஊறுகாய்ப் போத்தல் மூடி இறுகினால், மாமியே இப்போதெல்லாம் அதை என்னிடம் தருவதில்லை. அன்றைக்கு எப்படியோ மொழியைத் தாண்டி ஏறிய மோதிரம் இன்னமும் அண்ணையின் விரலில்தான் இருக்கிறது. கழற்றச் சொன்னால், மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாத நாளாகப் பார்த்துக் கழற்றுகிறேன் என்கிறார்.