நாலாயிரத்தில் விக்கிய கார்

அன்பு மச்சானுக்கு அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா சௌக்கியம், கார் அதைவிடச் சௌக்கியம், நான் மட்டும் சுமார். அங்கே அனைவரும் என்னைவிட நன்றாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நம்ம ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினைப் பிரித்து மாட்டியாகிவிட்டது. நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை வைப்பதில்தான் வம்பே. நீ போனில், "ஏழாயிரத்து ஐநூறு வைங்க அத்தான், பறக்கும்" என்றாய். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "பிஸ்டன்தான் சார் புதுசு, அதை இழுக்கிற ராடு பழசு. சுத்து ரெண்டு மடங்கானா ராடு மேல இழுப்பு நாலு மடங்கு. ஆறாயிரத்தோட நிறுத்துங்க. மீறினா ராடு இன்ஜினை ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வந்து உங்களை விசாரிக்கும்"னாரு. எனக்கும் சரின்னு பட்டுது. உன் அக்காவுக்குப் படலியே! "ஆறாயிரத்துக்கே இவ்ளோ பயம்னா நாலாயிரம் வைக்கலாமே?"ன்னா. நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்த மனுஷனை மிரட்டி நாலாயிரத்துல வைக்க வெச்சுட்டா. எங்கிட்ட மூச்சு விடல.

ரெண்டு பேரும் கிளம்பி மேம்பாலத்துல ஏறுறோம், முன்னாடி மெத்தை ஏத்தின லாரி. தாண்டலாம்னு மிதிச்சேன். பாதி தாண்டினதும் முள்ளு நாலாயிரத்தைத் தொட்டுச்சு, பெட்ரோல் வெட்டிடுச்சு, இன்ஜினுக்கு விக்கல்! மேல் கியர் போட்டா இழுக்கல, போடாட்டி விக்கல், எதிர்ல பஸ்ஸு. லாரிக்காரர் பெரிய மனசு பண்ணி பிரேக் போட்டதால இந்தக் கடுதாசி உனக்கு வருது. பாலம் இறங்கினதும் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "சார், கயிறு இருக்கு, கட்டி இழுக்கட்டுமா?"ன்னு கேட்டாரே, அந்த அவமானத்தை எங்க போய்ச் சொல்ல? உன் அக்கா, "நாலாயிரம் வெச்சதாலதான் பத்திரமா வந்தோம்"னு வாயை விட்டுட்டா. நேரா ஒர்க்‌ஷாப்புக்கு விட்டேன். மெக்கானிக், "எல்லை இன்ஜினுக்குத்தாம்மா, சாருக்கு இல்ல"ன்னு சொல்லி ஆறாயிரத்துல வெச்சாரு.

ஆகவே ஆறாயிரமே முடிவு. உன் ஏழாயிரத்து ஐநூறை நீயே வைத்துக்கொள். ஓட்டிப் பார்க்கிறேன் என்று இந்தப் பக்கம் வரவே வேண்டாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள், உனக்கு ஆசி பாதி, எச்சரிக்கை பாதி.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் அத்தான்

பி.கு.: ஆறாயிரம் சரிப்படுமா என்று பார்க்க உன் அக்கா காலையில் தனியாக எடுத்துப் போனாள். திரும்பும்போது முகமெல்லாம் பல். இப்ப ஒர்க்‌ஷாப்புல உக்காந்து, "எட்டாயிரம் தாங்குற ராடு எங்க கிடைக்கும்?"னு அந்த மனுஷனைக் குடையுறா. பக்கத்து சீட்டுல நான் உக்காரணுமாம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா. அந்த சீட்டு உனக்குத்தான்.