நாற்காலிக் கட்சிக்காரர்

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை. சக்கரத்திலும் தொடங்கவில்லை. நாற்காலியில்தான் தொடங்கியது. இது பராங்குசத்தின் முடிவு, மேல்முறையீடு கிடையாது.

"நின்னுக்கிட்டு இருந்த வரைக்கும் மனுசன் காட்டுல இருந்தான். உக்காந்தப்புறம்தான் யோசிச்சான். யோசிச்சதாலதான் டிஸ்பாட்ச் செக்‌ஷன்னு ஒண்ணு வந்தது."

ஒரகடத்தில் கார்களுக்கு சீட் செய்கிற கம்பெனியில், அந்த டிஸ்பாட்ச் செக்‌ஷனில், இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். அவர் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இன்று எச்.ஆர். வேதாந்த் மட்டும் துணிந்திருந்தான். பராங்குசத்தின் பழைய மேசை இருந்த இடத்தில் புது மேசை ஒன்றைப் போட்டிருந்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் மேசை உயர்ந்தது, இன்னொன்றை அழுத்தினால் இறங்கியது.

"கொஞ்ச நேரம் உக்காந்து, கொஞ்ச நேரம் நின்னு வேலை பார்க்கலாம் சார். இடுப்பு, கழுத்து வலியெல்லாம் குறையும். முப்பது நாள் ட்ரையல்."

"நின்னு வேலை பார்க்க நான் என்ன டிராஃபிக் போலீசா?"

கோபத்துக்குக் குடும்பக் காரணம் இருந்தது. அவருடைய தாத்தாவும் அப்பாவும் ஸ்ரீபெரும்புதூரில் பெருமாள் பல்லக்கைத் தோளில் சுமந்தவர்கள். ஒவ்வொரு மண்டகப்படியிலும் பெருமாள் இளைப்பாறுவார், சுமந்தவர்கள் நிற்பார்கள். அந்த வம்சத்தில் சுழல்நாற்காலி ஏறிய முதல் ஆள் பராங்குசம். வேலைக்குச் சேர்ந்த வாரம் அப்பா ஆபீசுக்கு வந்தார். நாற்காலியைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "நல்லா உக்காருடா" என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் அந்த வார்த்தையை மீறியதே இல்லை.

மாலை நாலு மணிக்கு எழுந்திருக்கும்போது மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி, "பெருமாளே!" என்பார். அதை பக்தி என்று எல்லோரும் நம்புவதாக அவர் நம்பினார்.

பக்கத்து சீட் லிடியா இரண்டு நாளாக இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தாள். மெதுவாகத் திரும்பினாள்.

"சார், முப்பது நாளும் தினம் ரெண்டு மணி நேரம் நின்னு காட்டினா எல்லாருக்கும் இந்த மேசை வாங்குவாங்களாம். இல்லன்னா இதையும் திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"அப்ப நீயே எடுத்துக்கோம்மா. உனக்குத்தானே வலி?"

"முடியாது சார்," என்றான் வேதாந்த் அவசரமாக. "அம்பது வயசுக்கு மேல இருக்கிறவங்கதான் ட்ரையல்ல வரணும். செக்‌ஷன்ல அது நீங்க ஒருத்தர்தான். எத்தனை மணி நேரம் உயரத்துல இருந்ததுன்னு மேசையே என் போனுக்குச் சொல்லிடும்."

"ஸ்ஸ்..." என்றாள் லிடியா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

பராங்குசத்துக்கு மனசு கேட்கவில்லை. கொள்கையும் கேட்கவில்லை. இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். மேசை தன் உயரத்தைத்தான் சொல்லும். அவர் உயரத்தையா சொல்லப்போகிறது?

லைனில் ரிஜெக்ட் ஆன சீட் ஃபோம் இரண்டை எடுத்துவந்து நாற்காலியில் போட்டார். போதவில்லை. நாலாக்கினார். ஜெராக்ஸ் பேப்பர் பெட்டியில் கால் வைத்து ஏறி, உயர்த்திய மேசைக்குச் சமமாக உட்கார்ந்தார். பாதங்கள் அந்தரத்தில் ஆடின.

தரை துடைக்க வந்த பாப்பம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா சார், கருட சேவை மாதிரி கீது!"

"வேலையப் பாரும்மா."

கொள்கை பிழைத்தது, இடுப்பு பிழைக்கவில்லை. ஃபோம் இடது பக்கம் சாய்ந்தது. அவர் வலது பக்கம் சாய்ந்தார். நாலு மணிக்குக் கூப்பிட்ட பெருமாளை இப்போது பதினொரு மணிக்கே கூப்பிட வேண்டியிருந்தது. ஏறி இறங்குவது பெரும்பாடாக இருந்ததால் நாள் முழுக்க மேலேயே இருந்தார். மேசையும் மேலேயே இருந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் அவர் போட்டோ வந்தது. 'தினமும் ஏழு மணி நேரம் நிற்கும் நம் பராங்குசம்!'

திங்கட்கிழமை பிளாண்ட் ஹெட் ஆறுமுகநயினாரே நேரில் வந்தார். திருநெல்வேலிக்காரர். அவர் குரல் வராண்டாவில் கேட்டதுமே பராங்குசம் குதித்து இறங்கி, நாலு ஃபோமையும் மேசைக்கு அடியில் உதைத்துத் தள்ளினார்.

"ஏழு மணி நேரமா நிக்கீரு? காலா தேக்கு மரமாவே அது?"

"எல்லாம் பெருமாள் புண்ணியம் சார்."

"அம்பத்தி மூணு வயசு மனுசன் நிக்காரு. அப்ப மத்தவங்களுக்கு நாற்காலி எதுக்குங்கேன்? ட்ரெயினிங் ஹால்ல நாற்காலி பத்தலைன்னு ஒரு வாரமா கத்துதானுவ. இங்க இருக்கிற எட்டையும் அங்க தூக்கிரச் சொல்லுதேன்."

வேதாந்த் வாயைத் திறந்தான். அதற்குள் ஆறுமுகநயினார் ஆள் கூப்பிட்டுவிட்டார்.

மத்தியானத்துக்குள் எட்டு நாற்காலியும் போய்விட்டன. பராங்குசத்தின் நாற்காலியும் போயிற்று. புது மேசை ஒன்றுதான். மற்ற எல்லாம் பழைய தாழ்ந்த மேசைகள். செக்‌ஷனே நாற்று நடுகிற மாதிரி குனிந்து டைப் அடித்தது. அதில் லிடியா, பெல்ட்டோடு.

"என் மேசைக்கு வாம்மா."

"வேணாம் சார், ட்ரையல் கெட்டுடும். நீங்க இந்த வயசுல ஏழு மணி நேரம் நிக்கிறீங்க. நான் நிக்க மாட்டேனா?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. நேராக ஆறுமுகநயினாரின் அறைக்குப் போனார்.

"சார், நான் நிக்கவே இல்ல. நாலு ஃபோம் போட்டு உக்காந்திருந்தேன்."



"எந்த ஃபோம்?"

"ரிஜெக்ட் ஆனது சார்."

"உக்கார நல்லா இருந்துதா?"

"இல்ல சார். ரிஜெக்ட் பண்ணது சரிதான்."

ஆறுமுகநயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். "சரி, நாற்காலி எல்லாம் திரும்பி வரும். மேசை நாளைக்கே போயிரும்."

"அது வேணாம் சார். அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே வலி. இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. நெஜமா நிக்கிறேன்."

"உம்மை எப்படி நம்புதது?"

பராங்குசம் யோசித்தார். அப்பா சுற்றிப் பார்த்த நாற்காலி அது.

"தினம் பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் என் நாற்காலி உங்க ரூம்ல இருக்கட்டும் சார்."

மறுநாள் முதல் ஒரகடத்தில் ஒரு புது ஊர்வலம் ஆரம்பமானது. பத்து மணிக்குப் பராங்குசம் நாற்காலியை உருட்டிக்கொண்டு பிளாண்ட் ஹெட் அறைக்குப் போவார், வெறுங்கையோடு திரும்புவார். பன்னிரண்டுக்குப் போய் உருட்டிக்கொண்டு வருவார்.

முதல் நாள் நூற்றிருபது நிமிடத்தையும் எண்ணினார். மூன்றாம் நாள் செருப்பை மாற்றினார். ஆறாம் நாள் வாலாஜாபாத் லோடு ஒன்று சிக்கலாகி, அதைச் சரிசெய்து முடித்து நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நாற்காலியை மறந்தே போயிருந்தார்.

நாலு மணிக்கு அவர் பெருமாளைக் கூப்பிடாமல் விட்டதை யாரும் கவனிக்கவில்லை. லிடியா மட்டும் தன் மேசைக் காலண்டரில் தினமும் ஏதோ சின்னதாக டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ட்ரையல் முடிந்தது. செக்‌ஷன் முழுக்க மேசை வாங்க உத்தரவு வந்தது.

சனிக்கிழமை லிடியா லீவு. பாதி செக்‌ஷன் காலி. பத்து மணி ஆயிற்று. நாற்காலியை எங்கும் ஒப்படைக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க உட்காரலாம், கேட்க ஆளில்லை. பராங்குசம் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பொத்தானை அழுத்தி, மேசை உயர்ந்ததும் எழுந்து நின்று, வேலையைத் தொடர்ந்தார்.

"அதான் முடிஞ்சிச்சே சார், இன்னும் ஏன் நின்னுக்கினு கீறீங்க?" பாப்பம்மாள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"சும்மா... மோட்டார் ஓடுதான்னு பார்த்தேன்." பிறகு ஏதோ தோன்றி, தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "காலையிலேர்ந்து நிக்கிறியே. உக்காரும்மா."

பாப்பம்மாள் தயங்கினாள். உட்கார்ந்தாள். மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். பராங்குசம் சட்டென்று திரையைப் பார்த்துக்கொண்டார்.

"பாவம் லிடியா," என்றார். "மேசை வர்ற வரைக்கும் அந்த இடுப்போட கஷ்டப்படணும். டாக்டர்கிட்டதான் போயிருக்கும், இல்ல?"

"டாக்டரா? சேரப்பணஞ்சேரியில சர்ச்சு த்ரோபால் மேட்சு சார், லிடியாதான் கேப்டன்! 'தன் இடுப்புக்குன்னா சார் நிக்க மாட்டார், என் இடுப்புக்குன்னா நிப்பார்'னு சொல்லி, அந்த பெல்ட்டையே எங்க வூட்ல இருந்துதான் வாங்கிக்கினு போச்சு."