சத்தமில்லாமல் சண்டை போட்ட ஹாரன் நைனா

கும்மிடிப்பூண்டியில் பாதிப் பேருக்குக் காது மந்தமானதற்கு இரும்பு ஆலைகள்தான் காரணம் என்று சொல்கிறவர்களுக்கு ஹாரன் நைனாவைத் தெரியாது.

எங்கள் கம்பெனி ஷிப்ட் வேனின் டிரைவர் அவர். யாரைப் பார்த்தாலும் ‘நைனா’ என்பார். வண்டியில் உட்கார்ந்தால் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். அப்படி வந்த பெயர். கோழிக்கு அடிப்பார். மூடிக் கிடக்கிற ரயில்வே கேட்டுக்கு அடிப்பார், அது பயந்துபோய்த் திறந்துவிடும் என்பதுபோல. எதிரே ஒன்றுமே இல்லையென்றால், ஏன் ஒன்றும் இல்லை என்று அடிப்பார். கவரைப்பேட்டையில் வேன் ஏறியதும் நான் செய்கிற முதல் வேலை, இரண்டு காதையும் பொத்திக்கொள்வது. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு மூலதனமே கண்ணும் காதும் கையும்தான். அதில் ஒன்று போனாலும் யார் வேலை கொடுப்பார்கள் என்ற கவலை.

இப்பேர்ப்பட்டவர், வருசா வருசம் கம்பெனி டூரில் முதுமலைக் காட்டுக்குப் போகும்போது செய்கிற காரியத்தைக் கேளுங்கள். செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டுவார். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கி என் கையில் வைப்பார்.

“நைனா, இத்த நீ வச்சிக்க. என் கை சும்மா இருக்காது. நீதான் பயந்தாங்கொள்ளி, தொலைக்க மாட்ட.”

“ஹாரன் இல்லாம... யானை வந்துச்சுன்னா?”

“வந்தா இன்னா? அதும் ஊடு, அது வரும். அடுத்தவன் ஊட்டுக்குள்ள பூந்து ஹாரன் அடிப்பியா நீ?”

காடு முடிகிற வரைக்கும் நான் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வருவேன். அவர் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் ஹாரனை அழுத்தும். சத்தம் வராது. “காடு தப்பிச்சிது பாரு” என்று தானே சிரித்துக்கொள்வார். மிருகங்களைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. காட்டெருமையின் வெள்ளைக் காலைப் பார்த்துவிட்டு, “தோ பாரு, சாக்ஸ் போட்ட எருமை!” என்று ரகசியக் குரலில் கூவுவார். மலை அணில் அவருக்கு ‘பெயின்ட் அடிச்ச கீரி’. காட்டுக்குள் போன அந்த ஒரு நாளைப் பற்றித்தான் டீக்கடையில் வருசம் முழுக்கப் பேச்சு.

போன வருசம் வந்தது வினை. ஒரு ஏற்றத்தில், யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. பெரியதெல்லாம் அந்தப் பக்கம் போய்விட, ஒரு குட்டி மட்டும் இந்தப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஏறத் தெரியாமல் முழித்தது. தாய் நடு ரோட்டில் திரும்பி நின்றது. நைனா இன்ஜினை அணைத்தார். நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் ஏசுவைக் கூப்பிட்டார், அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

பின்னால் ஒரு கார். மேல்கூரையைத் திறந்து இரண்டு பேர் செல்போனோடு எழும்பி நிற்க, ஓட்டுகிறவன் விடாமல் ஹாரன் அடித்தான். எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தான். போனால் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில்தான் போய் நிற்பான். குட்டி மிரண்டு பின்வாங்கியது. தாய் காதை விரித்தது.

நைனா பிரேக்கை விட்டு, வண்டியைப் பின்னால் உருட்டி, ரோட்டுக்குக் குறுக்கே போட்டார்.

“யோவ், வண்டிய எடுய்யா!” என்று காரிலிருந்து கத்தினார்கள்.

நைனா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். ஆலைச் சத்தத்தையே அமுக்குகிற தொண்டை அவருக்கு. அந்தத் தொண்டையை அடக்கிக் கிசுகிசுத்தார்.

“டேய் கஸ்மாலம்... கம்முனு கெட...”

“என்ன சொல்ற? காதுல விழல!”

“ஹாரன் மேல கைய வச்ச, பேத்துடுவேன்...”

“சத்தமாச் சொல்லுய்யா!”

“குட்டி பயப்படும்டா பேமானி...”

அவ்வளவு மோசமான வசவுகளை அவ்வளவு மென்மையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குட்டி தட்டுத்தடுமாறி ஏறியது, தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தது, இரண்டும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் வீடியோ வந்துவிட்டது. அதில் யானை இல்லை. குறுக்கே நிற்கிற வேனும், வாயை அசைத்து அசைத்துத் திட்டுகிற நைனாவும்தான். ‘காட்டு ரோட்டை மறித்து டிரைவர் ரகளை.’ ஹாரன் அடித்தவனுக்கு லைக் குவிந்தது. எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. காட்டுக்குள் கூரையைத் திறந்து கூத்தடிக்கிறவன் சுற்றுலாப் பயணி, அவனைத் தடுத்தவன் ரவுடியா?

இனி நைனாவுக்கு டூர் வண்டி கிடையாது, ஷிப்ட் வண்டியோடு சரி என்றார் வேன் கான்ட்ராக்டர். யாரையும் எதிர்த்துப் பேசாத நான் அவரிடம் போனேன்.

“குட்டி யானை இருந்துச்சுண்ணே.”

“வீடியோல இல்லியே?”

“எடுத்தவன் காட்டலண்ணே.”

“காட்டாத யானைக்கு நான் இன்னா பண்றது?”

இந்த வருசம் டூருக்கு வேறொரு டிரைவர். செக்போஸ்ட்டில், “தம்பி, ஹாரன் ஃபியூஸைக் கழட்டிட்டா...” என்று ஆரம்பித்தேன். வண்டியே சிரித்தது. காடு முழுக்கக் குத்துப்பாட்டும் ஹாரனும். ஒரு மானின் வால்கூடக் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்?

திரும்பி வந்த மறுநாள் காலை ஷிப்ட் வேனில் ஏறினேன். நைனா கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே தங்கினீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை.

“சாக்ஸ் போட்ட எருமை நல்லா கீதா நைனா?”

“நல்லா கீது நைனா. உன்னத்தான் விசாரிச்சிது.”

ஆளில்லாத ரோட்டில் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.