நானில்லாட்டி நாறிப்போகும்

மனிதர்களில் 'நானில்லாட்டி' என்று ஓர் இனம் உண்டு. இவர்களுக்குத் தனி மதமோ மொழியோ கிடையாது. ஆபீஸ், தோட்டம், கோயில் சபை, கல்யாண வீட்டுச் சமையற்கட்டு என்று நாலு பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் ஐந்தாவதாக ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார் பாருங்கள், அவர்தான்.

எங்கள் மாத்தளையில் இந்த இனத்துக்குத் தலைவர் என்றால் ரபாயேல். ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர்கீப்பர். எந்தப் பொத்தான் எந்த றாக்கைத் தட்டில், எந்த நூல் எந்தப் பெட்டியில் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. எழுதி வைக்கலாமே என்றால், "எழுதி வச்சா அப்புறம் நான் எதுக்கு?" என்பார். உதவியாளர் அழகமுத்துவுக்கே ஐம்பது வயது. றாக்கையில் கை வைக்கும் நேரமாகப் பார்த்து, "லொறி வந்திருச்சான்னு போய்ப் பாரு" என்று அவரை வெளியே அனுப்பிவிடுவார். பதினோரு வருஷமாக அந்த மனிதர் வராத லொறியை வரவேற்றுக்கொண்டிருந்தார். மரண வீட்டில், பூசையில், தங்கச்சி மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில் என்று எங்கே போனாலும் ரபாயேல் போனை மேலே தூக்கிப் பார்ப்பார். "என்னையத்தான் தேடுவாங்க" என்பார். தேடினார்களா? அதை யாரும் கேட்டதில்லை. கேட்டால் மனுஷன் தாங்குவாரா?

இப்படியிருக்க, கார்மென்டுக்கு ஓடர் குறைந்தது. முதல் ஆட்குறைப்பில் அவருடைய மனைவி மார்ஜரியின் தையல் வேலை போனது. மார்ஜரி ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் அடுப்பை மூட்டி, அதே கார்மென்ட் கேட்டுக்குச் சோத்துப் பார்சல் கொண்டுபோகத் தொடங்கிவிட்டாள். மகள் ஷெனாலியோ இரண்டு வருஷத்தில் மூன்று வேலை மாறி, இப்போது சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நின்றாள்.

"சட்டைய மாத்துற மாதிரி வேலைய மாத்துறியே, வெக்கமா இல்லையா?" என்றார் ரபாயேல்.

"கிழியிறதுக்கு முந்தி மாத்துனா என்னப்பா வெக்கம்?" என்றாள் அவள்.

அடுத்த ஆட்குறைப்புப் பட்டியல் வெள்ளிக்கிழமை வரும் என்று செய்தி பரவியது. மற்றவர்கள் தெரிந்தவர்களைப் பிடித்தார்கள், விண்ணப்பம் எழுதினார்கள். நம்மவர் என்ன செய்தார்? லீவு போட்டார்! இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, சேர்ந்தாற்போல் இரண்டு நாள். போகும்போது ஸ்டோர்ச் சாவியையும் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, வேலை போற நேரத்துல யாராவது லீவு போடுவாங்களா?" என்று மார்ஜரி பதறினாள்.

"ஒனக்குப் புரியாது. ரெண்டு நாள் நான் இல்லாம இருக்கட்டும். நாறிப்போகும். கும்பிட்டுக் கூப்பிடுவாங்க பாரு."

லீவுக்கு ஒரு நியாயம் வேண்டாமா? வஹகோட்டை அந்தோனியாருக்கு நேர்ச்சை என்று சொல்லி, மார்ஜரியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோனியார். தொலையப்போவதைப் பிடித்து வைக்கச் சொல்லி அவரிடம் யாரும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எட்டு மணி. ஸ்டோர் திறக்கும் நேரம். போன் வரவில்லை. ஒன்பது. வரவில்லை. சிக்னல் கிடைக்கவில்லையோ என்று கோயில் வளவை மூன்று தடவை சுற்றினார். பிரசங்கத்துக்கு நடுவே, "மார்ஜரி, எனக்கொரு மிஸ்ட் கோல் குடு" என்றார். கொடுத்தாள். போன் கணீரென்று வேலை செய்தது. ஐயையோ, அதுதான் அவருக்குக் கவலையாகப் போய்விட்டது.

பகல் ஒரு மணிக்கு மணி அடித்தது. மார்ஜரியின் போன். அழைத்தவர் அழகமுத்து. ரபாயேல் பறித்துக்கொண்டார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

"சாவிக்குத்தானே? சொல்லு, சொல்லு!"

"சாவி எதுக்கண்ணே? எச்.ஆர். ஆபீஸ் நோனாம்மாகிட்ட இன்னொண்ணு இருந்திச்சு. சாமானெல்லாம் கிடைச்சிருச்சு. அக்கா நாளைக்காவது வருவாங்களா? இன்னைக்குச் சோத்துப் பார்சல் இல்லாம இங்க ஒருத்தருக்கும் வேலை ஓடல. நோனாம்மாவே ரெண்டு தடவ கேட்டுட்டாங்க."

மனிதர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய் மரத்தடியில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. ரபாயேலின் பெயர் மூன்றாவதாக இருந்தது. அன்றைக்கு நானும் கேலி செய்யவில்லை. "எனக்கு வேற என்ன தெரியும் மார்ஜரி?" என்று அந்தப் பெரிய உடம்பு குலுங்கி அழுதது, பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. மார்ஜரி சோறு வடித்த கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சாமான் பிரிச்சு அடுக்கத் தெரியுமில்ல? மீன் ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம், மரக்கறி ஒரு பக்கம் அடுக்குங்க. நேரமாச்சு."

அடுக்கினார். என்ன அடுக்கு அது! ஒரு மாதத்தில் நாற்பது பார்சல் எண்பதாயிற்று. ஒரு பார்சல்கூட ஆள் மாறிப் போகவில்லை. நானே பாராட்டினேன். அது நான் செய்த பிழை.

"அதானே பாருங்க!" என்று இடுப்பில் கை வைத்தார். "அவளுக்குச் சமைக்க மட்டுந்தான் தெரியும். நானில்லாட்டி இந்த பிஸ்னஸ் நாறிப்போகும்!" சோறு சுற்றும் லஞ்ச் ஷீட்டை இப்போது எங்கே வைக்கிறார் என்று யாருக்கும் சொல்வதில்லையாம். மார்ஜரி சண்டை பிடிக்கவில்லை. இன்னொரு கட்டு வாங்கி அரிசிப் பீப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். அவருக்குத் தெரியாது; நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். இதையெல்லாம் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? அது கிடக்கட்டும். ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. போன தடவை நீங்கள் லீவு முடிந்து திரும்பியபோது, "நீங்க இல்லாத குறையே தெரியல, எல்லாம் நல்லபடியா நடந்திச்சு" என்று யாரோ அன்பாகச் சொன்னார்களே, அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்கியதா?